ஜாவா இன்டர்ஃபேஸிலிருந்து டபிள்யூஎஸ்டிஎல் எடுத்தால் பாராமீட்டர் பெயரெல்லாம் ஆர்க்0, ஆர்க்1 என்று வருகிறது, ஏன்?

கயல்_நிரல்

பல வருடமாக உள்ளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜாவா இன்டர்ஃபேஸ், முப்பது மெத்தட் பக்கம் இருக்கும், அதை இப்போது சோப் சர்வீஸாக (எக்ஸ்எம்எல் செய்திகள் வழியாக நெட்வொர்க்கில் அழைக்கும் சேவையாக) இன்னொரு குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் டாட்நெட்டில் எழுதுகிறார்கள். அந்தச் சர்வீஸை விவரிக்கும் ஒப்பந்தக் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல்லைக் கையால் எழுதப் பொறுமையில்லாமல், ஜாவா கோடிலிருந்து அதை உருவாக்கும் கருவியான டபிள்யூஎஸ்ஜென்னை ஓட்டினேன். முதலில் இன்டர்ஃபேஸையே கொடுத்துப் பிழை வாங்கி, அப்புறம்தான் அதற்கு இம்ப்ளிமென்டேஷன் கிளாஸ் வேண்டும் என்று புரிந்தது. சரி, கோப்பு வந்துவிட்டது. ஆனால் சரக்கை ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மெத்தடில் எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு ஸ்ட்ரிங்கும் ஆர்க்0, ஆர்க்1 என்று நிற்கின்றன. எது எது என்று அந்தக் குழு தினமும் கேட்கிறது. டீபக் தகவலோடு கம்பைல் செய்தும் மாறவில்லை.

இன்னொன்று: ஆர்டர் ஆப்ஜெக்டில் அளவு என்று ஒரு இன்டிஜர் இருக்கிறது. அவர்கள் 25 என்று போட்டு அனுப்பியதாகச் சத்தியம் செய்கிறார்கள், எங்களிடம் நல் (வெற்று மதிப்பு) வந்து சேர்கிறது. இரண்டும் ஒரே கோளாறா?

வலைப்பின்னி

இரண்டும் வேறு வேறு, ஆனால் வேர் ஒன்றுதான். ஒப்பந்தத்துக்கு வேண்டிய எல்லாமே இன்டர்ஃபேஸில் எழுதியிருக்காது, இல்லாததைக் கருவி தானாக நிரப்பிக்கொள்கிறது.

பெயர் விஷயம் முதலில். டீபக் தகவலில் பாராமீட்டர் பெயர் பதிவாவது மெத்தடின் உடலோடு சேர்ந்த லோக்கல் வேரியபிள் அட்டவணையில். இன்டர்ஃபேஸ் மெத்தடுக்கு உடலே இல்லை, அதனால் அட்டவணையும் இல்லை. ஜாவா 8-இல் பெயர்களைத் தனியாகச் சேமிக்க பாராமீட்டர்ஸ் என்று ஒரு கம்பைலர் ஆப்ஷன் வந்தது, ஆனால் இங்கே அதை நம்பி உட்காராதீர்கள், ஏனென்றால் நீங்கள் பெயர் சொல்லாவிட்டால் ஆர்க்கோடு வரிசை எண் சேர்ந்த பெயர்தான் என்று ஜாவா வெப் சர்வீஸ் அனோட்டேஷன்களுக்கான விதிமுறையான ஜேஎஸ்ஆர் 181-லேயே எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பாராமீட்டருக்கும் வெப்பாராம் அனோட்டேஷன் (கோடில் கருவிகளுக்காகச் சேர்க்கும் குறிப்பு) போட்டுப் பெயரை நீங்களே எழுதுங்கள். முப்பது மெத்தட்தானே, ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

இது வெறும் அழகுக்காக இல்லை. ஆர்க்0, ஆர்க்1 என்றே விட்டால், நாளைக்கு யாராவது அந்த இரண்டு ஸ்ட்ரிங்கையும் இடம் மாற்றி எழுதினால் டபிள்யூஎஸ்டிஎல்லில் ஒரு எழுத்துகூட மாறாது, பழைய கிளையன்ட் எந்தப் பிழையும் இல்லாமல் சரக்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம்_அடுக்கு

நல் வருவதற்குக் காரணம் சொல்கிறேன், இதில் நானே ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். ஜாவாவில் இன்டிஜர் என்று ஆப்ஜெக்டாக எழுதினால், அது இல்லாமலும் வரலாம் என்று எடுத்துக்கொண்டு, ஜாவா ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் ஜாக்ஸ்பி, ஸ்கீமாவில் (டபிள்யூஎஸ்டிஎல்லில் தரவின் வடிவத்தைச் சொல்லும் பகுதியில்) மின்ஆக்கர்ஸ் பூஜ்யம் என்று போடும். அதைப் பார்த்து டாட்நெட் எக்ஸ்எம்எல் சீரியலைசர் வழியாக உருவாக்கும் கிளாஸில் அளவு ஒரு பிராப்பர்ட்டி, அதோடு அளவுஸ்பெசிஃபைட் என்று இன்னொரு பூலியன் பிராப்பர்ட்டி வரும். அதை ட்ரூ ஆக்காமல் விட்டால் 25 அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும். அவர்கள் போட்டதாகச் சொல்வது உண்மைதான். கட்டாயமான மதிப்பு என்றால் சாதாரண இன்ட் ஆக மாற்றுங்கள், அல்லது எக்ஸ்எம்எல்எலிமென்ட் அனோட்டேஷனில் ரிக்வயர்ட் ட்ரூ கொடுங்கள்.

ஒரே பெயரில் ஓவர்லோட் செய்த மெத்தட்கள் இருக்கின்றனவா? டபிள்யூஎஸ்டிஎல் 1.1 அனுமதித்தாலும் வெவ்வேறு தளங்கள் ஒத்துப்போவதற்கான விதித்தொகுப்பான டபிள்யூஎஸ்-ஐ பேசிக் புரொஃபைல் அனுமதிக்காது. வெப்மெத்தடில் ஆபரேஷன்நேம் கொடுத்துப் பிரித்துவிடுங்கள்.

கயல்_நிரல்

ஸ்பெசிஃபைட்தான்! அவர்கள் கோடில் தேடச் சொன்னேன், அப்படியே இருக்கிறது. ஓவர்லோட் நான்கு இருக்கின்றன, பிரிக்கிறேன். மிக்க நன்றி இருவருக்கும். இனி ஒவ்வொரு பில்டிலும் தானாக உருவாக்கும்படி வைத்துவிடலாமா?

வலைப்பின்னி

உருவாக்குங்கள், ஆனால் உருவானதை அப்படியே வெளியே விடாதீர்கள். ஒருமுறை எடுத்து, படித்துச் சரிபார்த்து, அந்தக் கோப்பைக் கோடோடு சேர்த்து கமிட் செய்யுங்கள். அதற்குப் பிறகு பில்டில் புதிதாக உருவாவதை அதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் பில்ட் நிற்க வேண்டும். யாராவது ஒரு பேக்கேஜை இடம் மாற்றினாலே போதும், நேம்ஸ்பேஸ் (எக்ஸ்எம்எல் பெயர்களுக்கு முன்னடையாளமாக நிற்கும் முகவரி) அந்தப் பேக்கேஜ் பெயரைத் திருப்பிப் போட்டு உருவாவதுதான், எல்லா கிளையன்ட்டும் ஒரே நாளில் உடையும். அதனால் டார்கெட்நேம்ஸ்பேஸையும் அனோட்டேஷனில் எழுதிப் பூட்டிவிடுங்கள். ஃபீல்டு வரிசையும் அப்படித்தான்: ஸ்கீமாவில் அது சீக்வென்ஸ், வரிசை முக்கியம், ஆனால் கிளாஸில் இருக்கும் ஃபீல்டுகளை ரிஃப்ளெக்‌ஷன் எந்த வரிசையில் கொடுக்கும் என்று ஜாவா உறுதி தருவதில்லை. எக்ஸ்எம்எல்டைப்பில் பிராப்ஆர்டர் எழுதுங்கள்.

மூன்றாம்_அடுக்கு

எனக்கு இவ்வளவு அனோட்டேஷன் போடுவதில் உடன்பாடில்லை. இத்தனையும் எழுதிய பிறகு அது கிட்டத்தட்ட ஜாவாவில் எழுதிய டபிள்யூஎஸ்டிஎல்தான். இப்போது கிடைத்த கோப்பைக் கையால் திருத்தி அதையே மூலமாக வைத்துக்கொண்டு, இனிமேல் டபிள்யூஎஸ்ஜென்னுக்கு நேரெதிர்க் கருவியான டபிள்யூஎஸ்இம்போர்ட்டால் அதிலிருந்து ஜாவா எடுங்கள். வெளியாள் பயன்படுத்துவது என்றால் நான் எப்போதும் இந்தப் பக்கம்தான்.

எதைச் செய்தாலும் ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பு) பதிப்பைப் பாருங்கள். 2018-இல் வந்த 11-இலிருந்து டபிள்யூஎஸ்ஜென்னும் டபிள்யூஎஸ்இம்போர்ட்டும் ஜேடிகேயில் கிடையாது, மேவன் (பில்ட் கருவி) பிளகின் போன்ற வழியில் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

கயல்_நிரல்

நாங்கள் இன்னும் 8-இல்தான். மெத்தட்கள் அடிக்கடி மாறும் என்பதால் இப்போதைக்கு அனோட்டேஷன் போட்டு, ஒப்பீட்டை பில்டில் வைக்கிறேன். கிடங்கு மெத்தடில் பெயர் சரியாக வந்துவிட்டது. பழைய ஆர்க்0-ஐ வைத்து எழுதிய கோடை அவர்கள் நாளை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.