காவடி எண்ணிக்கை இரட்டிப்பாக வருகிறது: டிராக்கரில் என்ன மாற்றலாம்?

மொரீஷியஸ், குவாத்ர் போர்ன். தைப்பூச ஊர்வலத்தை மாடியிலிருந்து அசையாத கேமராவில் எடுத்த 40 நிமிட வீடியோ, 1080பி, விநாடிக்கு 25 ஃபிரேம். கையால் எண்ணினால் 212 காவடி. வீடியோவில் காவடிகளைக் கண்டறிந்து எண்ணும் நிரல் 391 என்கிறது.

படத்தில் பொருளைக் கண்டறியும் மாடல் யோலோவி8எம்; ஒவ்வொரு காவடிக்கும் ஒரு ஐடி (அடையாள எண்) கொடுத்து ஃபிரேம்தோறும் பின்தொடரும் டிராக்கர் பைட்டிராக். மாடல் முதலில் பயின்ற கோகோ படத்தொகுப்பின் 80 வகைகளில் காவடி கிடையாது. அதனால் 600 படங்களில் பெட்டி வரைந்து பயிற்சி கொடுத்தாயிற்று. கண்டறிதல் சரி. கோளாறு பின்தொடர்வதில்தான். காவடி எடுப்பவர் பக்கவாட்டில் திரும்பியதும் வளைவு ஒடுங்கி, பெட்டியின் அகலம் பாதியாகிறது. பைட்டிராக் தோற்றத்தைப் பார்ப்பதில்லை; முந்தைய நகர்வை வைத்துக் கணித்த பெட்டியும் புதுப் பெட்டியும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்ற மேற்பொருத்தத்தை வைத்தே இணைக்கிறது. அதனால்தான் புது ஐடி விழுகிறது என்று நினைக்கிறேன்.

டிராக் பஃபரை (காணாமல் போன ஐடியை எத்தனை ஃபிரேம் நினைவில் வைப்பது என்ற அளவை) 30-லிருந்து 90 ஆக்கியதில் ஐடி நிலைத்தது, ஆனால் பக்கத்துக் காவடிக்குத் தாவியது. படஅளவை 1280 ஆக்கியும் பலனில்லை, வேகம்தான் போனது. பாட்சார்ட் என்ற இன்னொரு டிராக்கரில் தோற்ற ஒப்பீட்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. எல்லாரும் ஒரே ரோஜா நிற உடை, அது என்ன செய்யும்! குறுக்கே கோடு போட்டு எண்ணினால், கோட்டின் மேலேயே கூட்டம் நின்று பின்வாங்குகிறது.

மேற்பொருத்தத்துக்குப் பதிலாகப் பெட்டி மையங்களின் தூரத்தை வைத்து இணைக்கும் டிராக்கரை இத்தகைய நெரிசலில் ஓட்டியவர்கள் உண்டா, எது தாங்கியது?