நம்பர் பிளேட்ட மறைச்சுட்டு டோல் தாண்டுறவங்க மாட்டுனா என்ன ஆகும்? நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

சாலைப்புழுதி:
பெங்களூர் ரோட்டுல ஒரு டோல்ல வரிசைல நிக்கறேன், எனக்கு முன்னாடி ஒரு டிப்பர். ஆயுத பூஜை முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு, இன்னும் பம்பர்ல காஞ்ச சாமந்தி மாலை, கரெக்டா நம்பர் மேல விழற மாதிரி கட்டி வெச்சிருக்கான். பின்னாடி பிளேட்ல கிரீஸ தடவி அதுமேல மண்ணு, கடைசி நாலு நம்பர்ல ரெண்டுதான் தெரியுது. அவனுக்கு முன்னாடி இருந்த காருக்கு பேரியர் தூக்கினதும் அந்த கார ஒட்டிகிட்டே உள்ள போய்ட்டான். பூத்துல இருந்த பொண்ணு கத்துது, லேன்ல நின்னவர் விசில் அடிக்கிறார், வண்டி போயே போச்சு. மாட்டுனா டபுளா காசு கட்டிட்டு போய்டலாமா, இல்ல கேஸ் வருமா? கேள்விப்பட்டது வேணாம், தெரிஞ்சவங்க எழுதுங்க.

பழைய பூத்து ஆளு:
நான் டோல்ல ஷிப்ட் பார்த்தவன், சொல்றேன். பேரியர் தாண்டி ஓடினா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறாங்க. லேன்ல கேமரா பிளேட்ட மட்டும் எடுக்காது, வண்டியோட முழு படமும் இருக்கும், கீழயும் பக்கவாட்டுலயும் இருக்கற சென்சார் எத்தன ஆக்சில்னு (சக்கர அச்சு) எண்ணிடும். மீறிப் போனா சைரன் அடிக்கும், அந்த டைம் ரெக்கார்ட் ஆயிடும். உடனே அடுத்த டோலுக்கு போன் போகும், நீல கேபின், பச்ச தார்பாய், இடது பக்க லைட் உடைஞ்சிருக்குனு அடையாளம் சொன்னா போதும். மாலை போட்டு நம்பர மறைக்கலாம், லாரிய எங்க மறைப்பான்?

இன்னொரு ரகம் இருக்கு, ஃபாஸ்டேக் ஸ்டிக்கர கண்ணாடில ஒட்டாம கைல வெச்சு நீட்டுறவங்க. ஊதா கலர் டேக்குன்னா கார் டேக், அத லாரிக்குள்ள இருந்து நீட்டுவான், சிஸ்டம்ல கார்னு வரும், சென்சார்ல மூணு ஆக்சில்னு வரும். அந்த மாதிரி கைல வெச்சுக்கற டேக்க எல்லாம் பிளாக்லிஸ்ட் பண்ணச் சொல்லி 2025லயே ஹைவே அத்தாரிட்டி சொல்லிடுச்சு. ஆனா ஒண்ணு, வண்டிய புடிச்சு வைக்கற அதிகாரம் டோல் ஆளுக்கு கிடையாது, போலீசுக்குத்தான் சொல்லணும். அதனாலதான் நெறைய பேரு தப்பிச்ச மாதிரி தெரியுது.

கருப்பு கோட்டு ஜூனியர்:
சாலைப்புழுதி ப்ரோ, டபுள் கட்டறது வேற கணக்கு. 2025 நவம்பர் 15ல வந்த ரூல்படி, செல்லுபடியாகற ஃபாஸ்டேக் இல்லாம வந்தா கேஷ்ல ரெண்டு மடங்கு, யுபிஐல கட்டினா 1.25 மடங்குன்னு வெச்சாங்க. அது டேக் இல்லாதவனுக்கு. பிளேட்ட மறைச்சவனுக்கு மோட்டார் வாகன சட்டம் தனியா வரும்.

எங்க சீனியர் ஆபீஸ்ல இந்த மாதிரி கேஸ் வந்தா மொத கேள்வியே, மறைச்சானா, மாத்தினானா, இல்ல அடுத்தவன் நம்பர போட்டானாங்கறதுதான். மூணுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எழுத்து அளவு சரியில்ல, பிளேட் அழுக்கா இருக்குன்னு மோட்டார் வாகன ரூல் 50, 51 மீறலா பார்த்து சட்டத்தோட 177வது பிரிவுல போட்டா மொத தடவ 500 ரூவா வரைக்கும், மறுபடி மாட்டுனா 1,500 வரைக்கும். அதோட விட்டா புண்ணியம். வேணும்னே மறைச்சிருக்கான்னு தெரிஞ்சா 39வது பிரிவுக்கு போவாங்க, ஏன்னா வண்டிய பதிவு பண்ணினா மட்டும் போதாது, நம்பர் வெளிய தெரியணும்னும் அதே பிரிவுதான் சொல்லுது. அதுக்கு தண்டனை 192ல இருக்கு, மொத தடவ 5,000 வரைக்கும் அபராதம், அப்புறமும் பண்ணினா 10,000 வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலும் போடலாம். 39வது பிரிவ மீறினா 207வது பிரிவுபடி வண்டிய சீஸ் பண்ணவும் முடியும், வலிக்கறது அங்கதான்.

நம்பரயே மாத்திட்டா டிராஃபிக் கேஸ் கிரிமினல் கேஸ் ஆயிடும். முன்னாடி ஐபிசி 420, இப்ப புது தண்டனை சட்டமான பிஎன்எஸ்ல 318(4), மோசடி பிரிவு, ஏழு வருஷம் வரைக்கும் போகலாம். சில ஸ்டேஷன்ல போலி ஆவணம்னு 336ம் சேர்ப்பாங்க, நம்பர் பிளேட் ஆவணமான்னு கோர்ட்ல சண்ட போடலாம், ஆனா அந்த சண்ட போடறதுக்கே வக்கீல் ஃபீஸ் வேணும்ல. ஹைதராபாத் போலீஸ் எல்லாம் நம்பர் பிளேட்ல விளையாடினவங்க மேல சீட்டிங் கேஸே போட்டிருக்காங்க.

லோடு வண்டி தம்பி:
வக்கீல் சார் சொன்ன சீஸ் மேட்டர் நெஜம். எங்க செட்ல ஒரு அண்ணன், ஒட்டன்சத்திரத்துல தக்காளி ஏத்திட்டு கிளம்புனாரு. ஓனர் டேக்ல காசு போடல, நைட் நேரந்தான, பிளேட்ட மடக்கிவிட்டுட்டு போயிருன்னு போன்ல சொல்லிருக்கான். பிளேட்டுக்கு கீல் வெச்சு வெல்டிங் பண்ணி, கயிற இழுத்தா மடங்கற மாதிரி ஏற்கனவே செஞ்சு வெச்சிருந்தான் அந்த ஓனரு. ரெண்டாவது டோல் தாண்டி போலீஸ் மடக்கிட்டாங்க. கயித்த பார்த்ததும் இன்ஸ்பெக்டர் சிரிச்சாராம். அண்ணன் மேல எஃப்ஐஆர், ஓனர் போன் ஸ்விட்ச் ஆஃப். வண்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்குது, தக்காளி தண்ணியா ஒழுகுது, கமிஷன் மண்டிக்காரன் அண்ணனுக்குத்தான் போன் போட்டு திட்டறான். மிச்சம் பண்ணினது சில நூறு ரூவா டோல் காசு சார். கயிறு கட்டச் சொன்னது ஓனர்னு அண்ணன் எப்படி நிரூபிப்பாரு?

கருப்பு கோட்டு ஜூனியர்:
தம்பி, போன்ல சொன்னானா வாட்ஸ்அப்ல சொன்னானா? வாய்ஸ் நோட் இருந்தா அழிக்க வேணாம்னு சொல்லுங்க. வெல்டிங் போட்ட பட்டறக்காரர் சாட்சி சொன்னாலும் உதவும். வண்டிய வெளிய எடுக்க மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போடணும், முன்னாடி சிஆர்பிசி 451, இப்ப புது குற்ற நடைமுறை சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 497. ஆர்சி யார் பேர்ல இருக்கோ அவங்கதான் வரணும், அதனால ஓனர் எவ்ளோ நாள் ஸ்விட்ச் ஆஃப்ல இருப்பான், வந்துதான ஆகணும். வந்ததும் அவனையும் விசாரிக்கச் சொல்லி எழுதி குடுங்க.

மாடிவீட்டு கார்:
நான் இதுல பாதிக்கப்பட்ட சைடு. என் கார் அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல கவர் போட்டு நிக்குது, டோல்ல காசு கழிஞ்சதா மெசேஜ் வருது. எவனோ என் நம்பர ஒட்டிட்டு சுத்திருக்கான், அவன் டேக் வேல செய்யலன்னு பூத்துல நம்பர கைல டைப் பண்ணிருக்காங்க, காசு எனக்கு போயிருச்சு. 1033க்கு போன் பண்ணி கம்ப்ளெய்ண்ட் போட்டேன், காசு திரும்பி வந்துச்சு, ஆனா அது பெரிய விஷயம் இல்ல. அதே வண்டி எங்கயாவது யாரையாவது அடிச்சுட்டு போனா மொதல்ல என் வீட்டு கதவுதான தட்டுவாங்க? அதனால ஸ்டேஷன்ல எழுதி குடுத்து சிஎஸ்ஆர் (புகார் வாங்கினதுக்கு குடுக்கற ரசீது) வாங்கி வெச்சுட்டேன். ரைட்டர் மொதல்ல வாங்க மாட்டேன்னாரு, டோல் படத்த ஜூம் பண்ணி காட்டினேன், அந்த வண்டில ரூஃப் ரெயில் இருக்கு, என்னோடதுல இல்ல, அப்புறம் பேசாம வாங்கிகிட்டாரு. என்னுது 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வாங்கின வண்டி, பிளேட்ல லேசர் நம்பர் இருக்கு, கண்ணாடிலயும் ஸ்டிக்கர் இருக்கு, எது ஒரிஜினல்னு காட்டறது ஈசியா போச்சு.

வாரக்கடைசி ரைடர்:
சும்மா ஒரு டவுட். ஃபாஸ்டேக் வருஷ பாஸ்ல 200 டிரிப் வருதுல்ல, ஒரே மாடல் ஒரே கலர்ல வீட்ல ரெண்டு கார் இருந்தா பிளேட்ட மட்டும் மாத்தி ஓட்டினா யாருக்கு தெரியும்?

கருப்பு கோட்டு ஜூனியர்:
ப்ரோ, மேல ஒருத்தர் சிஎஸ்ஆர் வாங்கிட்டு உக்காந்திருக்காரு, நீங்க எழுதறது அவரு கதையோட இன்னொரு பாதி. பாஸ் வண்டி நம்பருக்குத்தான், உங்க குடும்பத்துக்கு இல்ல. ஆக்சிடெண்ட் ஆனா சேசிஸ் நம்பர் ஒண்ணு, பிளேட் ஒண்ணுன்னு இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிடுவாரு, அப்புறம் க்ளெய்ம நீங்களே நெனச்சு பாருங்க.

சாலைப்புழுதி:
மழைல நெஜமாவே சேறு அடிச்சிருந்தா?

பழைய பூத்து ஆளு:
அத பார்த்தாலே தெரிஞ்சிரும். சேறுன்னா வண்டி பூரா இருக்கும், பிளேட்ல மட்டும் இருக்காது. நாங்க வேஸ்ட் துணி குடுப்போம், தொடச்சுட்டு போய்டுவாங்க. இன்னொண்ணு, இனிமே பேரியரே இல்லாத டோல் வருது, குஜராத்ல சோரியாசிங்கற டோல்ல மொதல்ல ஆரம்பிச்சிருக்காங்க, மேல இருக்கற ரீடர் டேக்கையும் கேமரா பிளேட்டையும் படிச்சுட்டே இருக்கும். 2026 ஜனவரி திருத்தப்படி டோல் பாக்கி நிலுவைல இருந்தா என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சர்டிஃபிகேட்) தர மாட்டாங்க, எஃப்சி (வண்டி தகுதி சர்டிஃபிகேட்), நேஷனல் பெர்மிட்டும் நிக்கும். பழைய லாரி வாங்கறவங்க என்ஓசிக்கான ஃபார்ம் 28 போடறதுக்கு முன்னாடியே பாக்கி இருக்கான்னு விக்கறவங்கள கேட்டு பார்த்துக்கங்க, அட்வான்ஸ் குடுத்தப்புறம் கேட்டா அவன் போனும் ஸ்விட்ச் ஆஃப்தான்.