பழைய .38 ரிவால்வரில் மாற்றுத் தோட்டா சிக்கிய அனுபவங்கள்

சுழலறை:
விக்டரி மாடல், அதாவது ஸ்மித் அண்ட் வெஸன் (எஸ் அண்ட் டபிள்யூ) இரண்டாம் உலகப்போர் காலத்தில் செய்த ரிவால்வர். விற்றவர் பாதிப் பெட்டி தோட்டாவும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பேரலில் (குழலில்) பொறித்திருப்பது .38 எஸ் அண்ட் டபிள்யூ ஸ்பெஷல், பெட்டியில் வெறும் .38 எஸ் அண்ட் டபிள்யூ. சிலிண்டரின் (தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளை) ஐந்து அறைகளில் நுழையவே இல்லை. ஆறாவது தேய்ந்த அறை. கட்டைவிரலால் அழுத்தியதில் உள்ளே போய் இறுகிவிட்டது, ரிம் (தோட்டாவின் அடி விளிம்பு) மட்டும் 2 மி.மீ. வெளியே. சிலிண்டர் மூடவில்லை, எஜெக்டர் ராடை (தோட்டாவை வெளியே தள்ளும் கம்பி) அழுத்தினாலும் அசையவில்லை. இந்தக் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) அடிப்பக்கம் 9.8 மி.மீ., ஸ்பெஷல் 9.6. குட்டையாக இருக்கிறதே, போய்விடும் என்று நினைத்துத் திணிக்கிறார்கள்.

பித்தளைக்கம்பி:
எஜெக்டர் ராடைத் தட்டிவிடாதீர்கள். துளி வளைந்தாலும் சிலிண்டர் சுற்றும்போது உரசும், ட்ரிகர் கனக்கும். சுடாத தோட்டா, ஆகவே சுத்தியல் பேச்சே வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வலப்பக்கம் முன்கோடியில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றினால் யோக்கோடு (சிலிண்டரைத் தாங்கும் கை) சிலிண்டர் முன்பக்கமாக வந்துவிடும். 8 மி.மீ. மரக்குச்சியை முன்வாயில் விட்டு, கையால் மட்டும் அழுத்துங்கள். ப்ரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) பக்கம் காற்றில் இருக்கணும், அதன் நேரே ஆளோ கையோ கூடாது. சிலிண்டரை மேசைமேல் நிறுத்தி அழுத்தினால் பாரம் முழுக்க நீட்டிய ரிம்மில்தான் இறங்கும். ஈயக் குண்டு கேஸுக்குள் அமுங்க ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்தி, துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எண்ணெய்ப்புட்டி:
ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தால் ப்ரைமர் செத்துவிடும். இவ்வளவு பயம் எதற்கு?

குழலடி:
அந்த நம்பிக்கைதான் ஆபத்து. ராணுவத் தோட்டாக்களில் ப்ரைமர் விளிம்பை வார்னிஷ் பூசி அடைத்திருப்பார்கள். இறுக்கம் தளர எண்ணெய் விடலாம், செத்துப்போச்சு என்று மட்டும் கணக்குப் போடக் கூடாது.

நான் சொல்ல வந்தது இதன் தலைகீழ் நிலைமை. பிரிட்டனுக்குப் போய்த் திரும்பிய 5 அங்குல பேரல் துப்பாக்கி, மேலே .38 .767 முத்திரை, அதாவது .38 எஸ் அண்ட் டபிள்யூவுக்கான அறை. அறையை யாரோ ரீமர் (துளையைக் குடைந்து பெரிதாக்கும் கருவி) விட்டு ஸ்பெஷல் நீளத்துக்கு, அதாவது 1.155 அங்குலத்துக்கு இழுத்திருக்கிறார்கள். பின்பாதி பழைய அகலத்திலேயே இருக்கிறது. ஸ்பெஷல் சுட்டதும் கேஸ் அடிவயிறு வீங்கி, ஒன்று நெடுக்காகக் கிழிந்து, ரீமர் கீறலில் பித்தளை கவ்விக்கொண்டது. சுட்ட கேஸ் என்பதால் முன்பக்கமிருந்து பித்தளைக் கம்பியால் லேசாகத் தட்டி எடுக்கலாம்.

வாங்கும் முன்பே பாருங்கள். சுடாத ஸ்பெஷல் காலிக் கேஸை அறைக்குள் விட்டுப் பாருங்கள். தொழிற்சாலை அறையானால் மூன்றில் ஒரு பங்கு வெளியே நிற்கும். முழுசாக இறங்கினால் ரீமர் பட்டது. .357 மேக்னம் காலிக் கேஸும் முழுசாக இறங்கினால் தொண்டையையும் (அறையின் குறுகிய முன்பகுதி) சேர்த்துக் குடைந்திருக்கிறார்கள். .38 எஸ் அண்ட் டபிள்யூ அழுத்த வரம்பு 14,500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஸ்பெஷல் 17,000, மேக்னம் 35,000. ரீமர் பட்ட சிலிண்டரை எதைப் போட்டும் சுடாதீர்கள்.