மறு: பயோமெட்ரிக்ஸ்: 'உயிரளவை' வேண்டாமே

அன்பர்களே,

விசாவுக்காக விரல்ரேகையும் முகப்படமும் பதிந்துகொள்ளும் 'பயோமெட்ரிக்ஸ்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் 'உயிரளவை' முன்வைக்கப்பட்டது. அது துறையின் பெயராக இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கனடா விசாவுக்கு விண்ணப்பிக்கும் பெற்றோர்களுக்கான கையேட்டில் அது ஒட்டவில்லை. கனடா விசாவுக்கு ஒருமுறை கொடுத்த பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். 2018 டிசம்பர் 31 முதல் இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களும் கொடுத்து வருகிறார்கள். ஆக, முதலில் கொடுத்தவர்கள் சீக்கிரமே புதுப்பிக்க வேண்டியிருக்கும். எழுபது வயது அம்மாவிடம் போய் "உங்கள் உயிரளவை காலாவதியாகப் போகிறது" என்று சொல்லிப் பாருங்கள்!

மற்றவர்கள் சொன்னவற்றில் 'அங்க அடையாளம்' நல்ல சொல்தான். ஆனால் பள்ளி மாற்றுச் சான்றிதழ் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. வலது முழங்கையில் மச்சம், நெற்றியில் தழும்பு என்றுதான் மனம் போகும். 'கைரேகை' என்றால் முகப்படம் விடுபட்டுப்போகும். 'கைநாட்டு' என்று எழுதிய நண்பர் வேடிக்கைக்குச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பதிவு எடுக்கும் மையத்தில் நடப்பது என்ன? கண்ணாடிப் பலகையில் ஒரு கையின் நான்கு விரல்கள், பிறகு மறு கையின் நான்கு, கடைசியில் இரண்டு கட்டைவிரல்கள். அப்புறம் ஒரு முகப்படம், அவ்வளவுதான். எதையும் யாரும் அளப்பதாகத் தெரிவதில்லை, பதிந்துகொள்கிறார்கள். பாத்திரம் தேய்த்தும் வயலில் வேலை செய்தும் ரேகை தேய்ந்தவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியிருக்கும்.

அதனால் என் பரிந்துரை: மெய்ப்பதிவு. மெய் என்பது உடல், உண்மை இரண்டும். மெய்ப்பதிவு கொடுத்தல், மெய்ப்பதிவுக் கட்டணம் (தனி ஆளுக்கு 85 கனடிய டாலர், சேர்ந்து விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு அதிகபட்சம் 170), மெய்ப்பதிவு விலக்கு (14 வயதுக்குக் கீழ், 79 வயதுக்கு மேல்) என்று எல்லாவற்றுக்கும் இடறாமல் வருகிறது. விமான நிலையத்தில் சரிபார்ப்பதை 'மெய்ப்பதிவு ஒப்பிடல்' எனலாம். அச்சுத்தொழிலின் 'மெய்ப்பு' (பிழை திருத்த எடுக்கும் அச்சுப்படி) நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும், விசா வரிசையில் யாரும் பிழை திருத்தப் போவதில்லை.

கையேட்டில் இந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் 'பயோமெட்ரிக்ஸ்' என்றும் சேர்த்தே போடலாம். மையத்தில் காட்ட வேண்டிய கடிதத்தில் அந்தப் பெயர்தானே இருக்கும். கட்டணம் கட்டியபின் வரும் அந்தக் கடிதத்துக்கு 'மெய்ப்பதிவு அழைப்பு' என்று வைத்திருக்கிறேன். கொடுக்க 30 நாள் கெடு என்பதும் அதில்தான் வருகிறது, 'அழைப்பு' கொஞ்சம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறதோ? வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.