செல்லோவைக் கோலால் அடித்த அம்மா

மயூர் விஹாரிலிருந்து:

போன குளிர்காலத்தில் டெல்லி மண்டி ஹவுஸ் பக்கம் ஓர் அரங்கில் ஹங்கேரிய நாட்டுப்புற இசை கேட்கப் போயிருந்தேன். செல்லோ என்றால் பெரிய வயலின் மாதிரி, நிதானமாக வில் போட்டு உருக வைக்கும் வாத்தியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று ஓர் அம்மா செல்லோ மாதிரியே இருந்த ஒன்றை வாரில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வில்லைக் காணோம், கையில் ஒரு கோல். வீட்டுக்காரர் வயலினை எடுத்ததும் தந்திகளை ஓங்கி அடிக்க ஆரம்பித்துவிட்டார்! நடுநடுவே இடது கையால் ஒரு தந்தியைச் சுண்டி இழுத்து விட, அது பலகையில் பட்டுத் தெறிக்கிறது. டம் சடக், டம் சடக்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. நான் நாகர்கோவில்காரன். சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுப் பாடும் அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அதே வீச்சு, அதே மணிக்கட்டு.

கச்சேரி முடிந்ததும் போய்க் கேட்டேன். பெயர் கார்டோனாம். இன்று ருமேனியாவில் இருக்கும் ஜிமெஷ் மலைப்பகுதியின் வாத்தியம். தந்திகள் எல்லாமே ஒரே ஸ்வரம்தான். மெட்டு வயலின் பாடு, தாளம் இதன் பாடு. கணவன் வயலின், மனைவி கார்டோன் என்பது அங்கே பழைய வழக்கம்.

ஆர்.கே. புரத்திலிருந்து:

உங்களுடையதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. மகள் செல்லோ கற்கிறாள், நான் கர்நாடக வயலின். அவளுடைய வாத்தியார் ஸ்காட்லாந்து நடன மெட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார். நான் மெட்டை வாசிக்க, அவள் வில்லின் அடிப்பக்கத்தைத் தந்தியில் 'சக்'கென்று வெட்டிக் கீழே தாளம் போட்டாள். மிருதங்கக்காரர் பக்கத்தில் இருக்கும் தைரியம் எனக்கு!

18ஆம் நூற்றாண்டில் அங்கே ஆட்டத்துக்கு ஒரு வயலினும் ஒரு செல்லோவும் போதுமாம். நீல் கோ என்ற பெரிய வயலின்காரருக்கு (1727–1807) அவர் தம்பி டொனால்ட்தான் செல்லோ. அப்புறம் பியானோவும் அக்கார்டியனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. நம் காலத்தில் அலஸ்டர் ஃப்ரேசரின் வயலினோடு நடாலி ஹாஸ் வாசிப்பதைக் கேளுங்கள், செல்லோ ஆட்டத்துக்குத் திரும்பியது தெரியும்.

சரி, அந்தக் கோல் எப்படி இருந்தது?

மயூர் விஹாரிலிருந்து:

ஒரு முழம் இருக்கும். அந்த அம்மாவே என் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார். முதல் அடி ரொம்ப மெதுவாக விழுந்தது. தலையை ஆட்டினார். இரண்டாவது தடவை அண்ணாவியை நினைத்துக்கொண்டு அடித்தேன். வில்லில் தொங்கும் மணிகளின் ஓசை மட்டும்தான் இல்லை.