தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொறியியலில் சேர்ந்தேன். படிப்பும் மனமும் தடுமாறுகின்றன, யாரைப் பார்ப்பது?

கேள்வி: முதலாமாண்டு மாணவி, கோவை

அனைவருக்கும் வணக்கம். நான் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பா விசைத்தறித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று இப்போதே ஊரில் பேசுகிறார்கள். கட்டணத்தை அரசே செலுத்திவிடுவதால் பணக் கவலை அதிகம் இல்லை, பிரச்சினை வேறு.

வகுப்பில் சந்தேகம் வந்தால், அதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று மனத்துக்குள் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பலகையை அழித்துவிட்டு அடுத்த கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய எனக்கு, முதல் பருவத்தில் கணிதத்திலும் இயற்பியலிலும் அரியர். அதன் பிறகு எதிலும் பிடிப்பு இல்லை. இரவு மூன்று மணி வரை உறக்கம் வருவதில்லை. காலையில் முதல் வகுப்புக்கு எழ முடிவதில்லை. மெஸ்ஸில் கூட்டம் கலைந்த பிறகு போய்க் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன். அம்மா தொலைபேசியில் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்கிறேன். ஒரு மாதத்துக்கு மேலாக இப்படித்தான் போகிறது. காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்றுகூடச் சில நாள்களில் தோன்றுகிறது. இது படிப்பு வராததால் வந்த சோர்வுதானா, மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலையா? பார்த்தால் அது கல்லூரிப் பதிவில் ஏறி, பின்னால் வேலைக்குத் தடையாகுமா?

பதில்: கல்லூரி ஆசிரியை, மதுரை

அன்பு மகளே, முதலாமாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், முதல் பருவ அரியரை வைத்து யாருடைய திறனையும் அளக்க முடியாது. பள்ளியில் ஓராண்டு முழுவதும் நடத்தி, திருப்புதல் தேர்வுகள் பல வைத்துத் தேற்றும் அளவுக்கான பாடத்தை இங்கே சில மாதங்களில் முடித்துவிடுகிறோம், அதுவும் உனக்குப் பழக்கமில்லாத மொழியில். தமிழ்வழியில் வருகிறவர்களுக்குத் தொடக்கத்தில் போதிய பயிற்சி தராமல், எல்லாரோடும் ஒரே வேகத்தில் ஓடச் சொல்வது கல்லூரிகளின் குறை. உன் குறை அன்று. அரியரை மறுபடி எழுதித் தேறிவிடலாம்.

எனக்குக் கவலை தருவது வருகைப்பதிவுதான். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். உடல்நலக் காரணத்தால் குறைந்தால், 65 சதவீதம் வரை மருத்துவச் சான்றிதழ் காட்டி அனுமதி பெற வழி உண்டு. காலை வகுப்புகள் தவறுவது உடல்நலக் குறைவால்தான் என்பதை இப்போதே உன் மென்டாரிடம், அதாவது உனக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி ஆசிரியரிடம், சொல்லிவை, பருவம் முடியும் வரை காத்திருக்காதே. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வகுத்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விடுதிக் காப்பாளரிடம் கேள். பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரையே ஆலோசகர் என்று காட்டினால், வெளியே உள்ள மருத்துவரைப் பார்ப்பதே மேல். அகமதிப்பெண் போடுகிறவரிடம் மனம் திறந்து பேச எந்த மாணவிக்கும் தயக்கம் இருக்கும்.

பதில்: இறுதியாண்டு மாணவர், சேலம்

தங்கச்சி, நானும் தமிழ்வழியில் வந்தவன்தான். எனக்குக் கைகொடுத்தது பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் ஆங்கிலவழிப் பதிப்பு. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் இருக்கும் அதே கணக்குகள், அதே வரிசையில் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஏற்கெனவே தெரிந்ததை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும். உன்னைப் போலவே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தமிழ்வழி மாணவர்கள் உன் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடி. தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். ஆனால் முதலில் மருத்துவரைப் பார், படிப்பு அதற்குப் பிறகு.

பதில்: மனநல மருத்துவர், அரசு மருத்துவமனை

நீங்கள் எழுதியதில் ‘கண் விழிக்காமலே போய்விட்டால்’ என்ற வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த எண்ணம் வருவதால் நீங்கள் கோழை என்றோ, நன்றி இல்லாதவர் என்றோ ஆகிவிடாது. நோய் அப்படிப் பேச வைக்கும். இன்றைக்கே அறைத்தோழி ஒருவரிடமாவது இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். எண்ணம் வலுத்து, ஏதாவது செய்துகொள்வேனோ என்ற பயம் வந்தால், தனியே இருக்காமல் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, எந்த நேரமானாலும் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.

உறக்கம், பசி, ஈடுபாடு மூன்றும் இரண்டு வாரங்களுக்கு மேல் குலைந்திருந்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் கடந்துவிட்டது. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். பலருக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதும். மாத்திரை தேவைப்பட்டால், அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். மன அழுத்தத்துக்குத் தரும் மாத்திரைகள் போதைப் பழக்கமாக மாறுவதில்லை, ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. பதிவைப் பற்றி அஞ்ச வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மருத்துவமனைக் குறிப்புகள் கல்லூரிக்கோ நிறுவனத்துக்கோ தானாகப் போவதில்லை.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. அறைத்தோழியிடம் இப்போதுதான் சொன்னேன், அவள் கூட வருகிறேன் என்கிறாள். வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா என்பதுதான் பயமாக இருக்கிறது. அப்பா உடைந்துபோவார்.

பதில்: மனநல மருத்துவர், அரசு மருத்துவமனை

18 வயது நிரம்பியவர் என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும், காப்பதற்குத் தேவையான அளவுக்குத் தெரிவிப்பார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள், பல குடும்பங்களுக்கு நாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கிறோம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தோழியை அழைத்துக்கொண்டு காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள். முதல் முறை விரிவாகப் பேச வேண்டியிருக்கும் என்பதால் அன்றைய வகுப்புகளுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.