சந்தேகம்: ஆளுநர் மகள்களின் பெயர் உண்மையா? (அவசரம்)

அவசரக்காரன்: அந்த ஆளுநர் தன் இரண்டு மகள்களுக்கும் வைத்த பெயர் நிஜமா, கட்டுக்கதையா? வேடிக்கைப் பெயர்கள் பற்றிக் கட்டுரை, இன்று இரவுக்குள் அனுப்ப வேண்டும்.

வாசகி: எந்த ஆளுநர்? எந்த நாடு?

பழைய ஏடு: பெயரைச் சொல்லாமலே பெயரைப் பற்றிக் கேள்வி. எப்படிக் கேட்க வேண்டும் என்று மேலே எழுதி வைத்திருக்கிறோம், படித்துவிட்டு வாருங்கள்.

அலைகடல்: ஒருவேளை பிரிசர்வ்ட் ஃபிஷ் ('காப்பாற்றி வைத்த மீன்')? நியூயார்க் கப்பல் வணிகர், 1766–1846. கடலிலிருந்து காப்பாற்றிய குழந்தை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். நம்பாதீர்கள், அவர் அப்பாவுக்கும் அதே பெயர்தான்.

அவசரக்காரன்: இல்லை, டெக்சஸ். ஐமா, யூரா. குடும்பப் பெயர் ஹாக்.

வாசகி: சரி. ஐமா ஹாக் நிஜம், 1882-இல் பிறந்தவர். சேர்த்துச் சொன்னால் ஆங்கிலத்தில் 'நான் ஒரு பன்றி' என்று கேட்கும். 'நீ ஒரு பன்றி' யூரா பிறக்கவே இல்லை. ஐமாவுக்கு இருந்தது மூன்று சகோதரர்கள் மட்டும்.

அலைகடல்: அப்பா ஓட்டுக்காக வேண்டுமென்றே வைத்த பெயர் என்பது என் கட்சி.

வாசகி: ஜேம்ஸ் ஹாக் ஆளுநரானது 1891-இல். பெரியப்பா தாமஸ் எழுதிய கவிதையின் நாயகி ஐமா, பெயர் அங்கிருந்து வந்தது.

பெயர்ப்பித்தன்: பெயர் ஆளைத் தொழிலுக்கு இழுக்கும். ரஸ்ஸல் பிரெய்ன் ('மூளை') நரம்பியல் மருத்துவர், 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழுக்கே ஆசிரியர். ஈகோர் ஜட்ஜ் 2008 முதல் 2013 வரை இங்கிலாந்தின் தலைமை நீதிபதி!

வாசகி: பொருந்தியவர்களை மட்டும் பொறுக்கினால் எதையும் நிரூபிக்கலாம். நீதிமன்ற வாசலையே மிதிக்காத ஜட்ஜுகளை யார் எண்ணினார்கள்? ஐமா பன்றியா வளர்த்தார்? 1913-இல் ஹூஸ்டன் சிம்பொனி இசைக்குழு தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர்.

பெயர்ப்பித்தன்: எல்லாருக்கும் என்று நான் சொல்லவில்லையே. கொஞ்சமாவது இழுக்கும்.

பழைய ஏடு: இழை எங்கேயோ போகிறது. பெயரைக் கேலி செய்ய ஒரு கட்டுரை தேவையா என்பதுதான் என் கேள்வி.

அலைகடல்: மணிலா பேராயர் ஹைமே சின் 1976-இல் கர்தினால் ஆனார். 'சின்' என்றால் ஆங்கிலத்தில் பாவம், 'கர்தினால் பாவம்' என்று கேட்கும். வீட்டுக்கு வந்தவர்களை 'பாவத்தின் இல்லத்துக்கு நல்வரவு' என்று அவரே வரவேற்பார். அவரே சிரித்த பெயருக்கு நமக்கு என்ன?

வாசகி: அவர் சிரித்தார், சரி. ஐமா தன் பெயர் தெரியாதபடி கிறுக்கிக் கையெழுத்துப் போடுவார். கட்டுரையில் இரண்டு பேரும் இருக்கட்டும்.

அவசரக்காரன்: யூராவை எடுத்துவிட்டேன், அனுப்பியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

வாசகி: கவிதை விஷயத்தைச் சேர்த்தீர்களா?

பழைய ஏடு: ஆள் போய்விட்டார்.